சாயந்தர ஊசி

மதியம் மூன்று மணிக்கு மாமியைப் புரட்டிப் படுக்கவைக்கப் போன நிலோபர் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமி ஏற்கெனவே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகில் பவுடர் போட்டிருந்தது. விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. முழங்கால்களுக்கு நடுவே வைக்கும் சின்னத் தலையணைகூட, நிலோபர் எப்போதும் வைப்பதுபோல நீளவாக்கில் செருகியிருந்தது.

கைருன்னிசா மாமிக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்து எட்டு மாதமாகிறது. பேச்சு குழறும். தானாகப் புரள முடியாது. மூன்று மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் போடாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகலில் வீட்டில் அவர்கள் இருவரையும் தவிர ஆள் கிடையாது. நிலோபரின் கணவனும் மாமியின் மகனுமான இத்ரீஸ் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தான். காலை ஏழு மணி பஸ்ஸில் போனால் கம்பத்து வீட்டுக்குத் திரும்ப இரவு எட்டாகும்.

“மாமி, யாரு வந்து பொரட்டிவிட்டாக?”

“என்னத்தா கேக்குற? இப்பத்தான நீ வந்துட்டுப் போன.”

நிலோபர் தன் கையை முகர்ந்து பார்த்தாள். பவுடர் வாசனை இல்லை. வெங்காய வாசனைதான் இருந்தது.

மறந்திருப்போம் என்று எண்ணிக்கொண்டாள். அப்படி எண்ணிக்கொள்வதில் தப்பில்லை. எட்டு மாதமாக ஒரு நாள்கூட மூன்று மணி நேரத்துக்குமேல் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஃப்ரிட்ஜில் பாலைத் தேடுவாள். குளித்துவிட்டோமா என்று தலைமுடியைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். மாமியைப் புரட்டியதை மறப்பது என்ன பெரிய காரியம்.

திரும்ப வந்து கூடத்து மேஜையில் உட்கார்ந்து கைநூலை விரித்தாள்.

அதை அனுப்பியவள் அனுஷ்கா, எம்.சி.ஏ.வில் கூடப் படித்தவள். கொச்சியில் ஒரு கம்பெனியில் இருந்தாள். அங்கே ஆள் எடுக்கிறார்கள், போனிலேயே நேர்காணல், மூன்று வாரம் இருக்கிறது, முதல் கேள்வியே மல்டித்ரெடிங்கில்தான் வரும், இதை முடிக்காமல் போனை எடுக்காதே என்று முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி கூரியரில் அனுப்பியிருந்தாள். செங்கல் கனத்தில், கம்ப்யூட்டர் நிரல் எழுதச் சொல்லித்தரும் ஒரு ஆங்கிலப் புத்தகம். வேலை கிடைத்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கேயே போய்விடலாம், அங்கேயும் ஏலக்காய் வியாபாரம் உண்டு என்று இத்ரீஸ் சொல்லியிருந்தான். மாமிக்கு நர்ஸ் வைக்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நிலோபர் கண்ணை இழுத்து இழுத்துத் திறந்து படித்துக்கொண்டிருந்தாள்.

2008ஆம் வருஷத்து ஆனி மாதம் அது. மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இருக்காது. கரண்ட் இல்லாதபோது ஜன்னலோரம் படிப்பாள். கரண்ட் வந்ததும், தன் கல்யாணத்துக்கு அத்தா வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் படித்ததை அடித்துப் பார்ப்பாள். வெளியே மலை இடுக்கு வழியாக இறங்கிய காற்று நாள் முழுக்க ஓயாமல் அடித்தது. தென்னைகளை ஒரே பக்கமாகச் சாய்த்து, மொட்டைமாடிக் கொடியைத் தறிபோல அடித்து, அடுப்படி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் புகுந்து யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஒலித்தது. அதோடு சேர்ந்து முன்னறையில் அடுக்கியிருந்த ஏலக்காய் மூட்டைகளின் மணமும், டெட்டாலும், மாமியின் அறையிலிருந்து எவ்வளவு கழுவினாலும் போகாத மூத்திர வாடையும் வீட்டுக்குள் மாறி மாறி வந்துபோயின.

ஒரு நிரலுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வேலைகளைத் தனித்தனியாக ஓடவிடலாம் என்றது கைநூல். ஒவ்வொரு ஓட்டமும் ஒரு த்ரெட்; பல ஓடினால் மல்டித்ரெடிங். நிலோபர் இரண்டு த்ரெட் எழுதினாள். ஒன்று திரையில் ஏ என்று எழுதும், இன்னொன்று பி என்று எழுதும். ஓடவிட்டாள். ஏ, ஏ, பி, ஏ, பி, பி. மறுபடி ஓடவிட்டாள். வேறு வரிசை. மூன்றாம் முறை வேறு. எது எப்போது ஓடும் என்று எழுதியவளுக்கே தெரியாது என்பது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒன்று காத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இன்னொன்று நடந்துகொண்டிருக்கும். எட்டு மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று முழுசாகப் புரிந்தது.

அந்த வாரம் இன்னும் சில நடந்தன. மாடிக்குப் போனபோது கொடி வெறுமையாக இருந்தது. துணிகள் கீழே அலமாரியில் மடித்து இருந்தன. அரிசி களைந்து ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ருக்சானா மதில்மேல் எட்டி, “என்ன நிலோபர், மாடியில துணி எடுக்கயில அத்தன தடவ கூப்புடுறேன், திரும்பிக்கூடப் பாக்காமப் போற? எம்மேல கோவமா?” என்று கேட்டாள்.

“காத்துல கேக்கலக்கா,” என்றாள் நிலோபர். அன்று அவள் மாடிக்கே போயிருக்கவில்லை.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், கரண்ட் போயிருந்த நேரத்தில், மேஜையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டது.

மாமியைத் தூக்கிப் புரட்டும்போது பாரம் தாங்காமல் அவள் வாயிலிருந்து தானாக வரும் ஒரு பெருமூச்சு உண்டு. “யா ரப்பே” என்று இறைவனை அழைத்துப் பாதியில் அறுந்துபோகும். அந்தப் பெருமூச்சு மாமியின் அறையிலிருந்து வந்தது. கட்டில் கிறீச்சிட்டது. பவுடர் டப்பாவைத் தட்டும் ஓசை. விரிப்பை உதறி இழுக்கும் ஓசை. பிறகு வெறுங்கால் நடை, ஈரமான தரையில் ஒட்டி ஒட்டி விடுபடும் நடை, அடுப்படிப் பக்கமாகப் போய்த் தேய்ந்தது.

நிலோபர் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். எழ வேண்டும் என்றுதான் நினைத்தாள். இடுப்பு வலித்தது. மணி மூன்று. புரட்ட வேண்டிய நேரம். புரட்டியாகிவிட்டது. பயத்துக்கு அடியில் வேறொன்று மெதுவாக ஊறிவந்தது, அது நிம்மதி. இனி ஆறு மணி வரை அந்த அறைக்குப் போக வேண்டியதில்லை.

பக்கத்தைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு எட்டு நாளில் ஏழு அத்தியாயம் முடித்தாள். ஓசை கேட்கும்போது தலையைத் தூக்குவதில்லை. அடுப்படியில் காலடி ஓசை கேட்டால் அது ஓயும்வரை கூடத்திலேயே இருப்பாள். எதிர்ப்படக் கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு ஒழுங்கு ஏற்பட்டிருந்தது. இரண்டு நாள் மதியம் மேஜையிலேயே தலைவைத்துத் தூங்கவும் செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, நம்ப மாட்டார்கள். இல்லை, அது நின்றுபோகும். எதற்கு அதிகம் பயந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் மாமிக்குத் தலை சீவிவிட்டபோது மாமி முகத்தைச் சுளித்தார்.

“வலிக்குதா மாமி?”

“நீ இழுத்து இழுத்துச் சீவுற.” மாமி சுவரைப் பார்த்துக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னார். “மதியத்துல மெதுவாத்தான் சீவுற. பேசுறதில்ல, ஒண்ணுமில்ல. ஆனா கைய வச்சா வலிக்க மாட்டேங்குது. அப்படியே சீவி விடேன், ஆத்தா.”

சீப்பு நிலோபரின் கையில் அப்படியே நின்றது.

மறுநாள் கைநூலில் ஒரு பயிற்சி வந்தது. இரண்டு த்ரெட்டுகளும் ஒரே எண்ணை எடுத்து ஒன்று கூட்ட வேண்டும், ஆளுக்குப் பத்தாயிரம் தடவை. இருபதாயிரம் வர வேண்டும். ஓடவிட்டாள். பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் வந்தது. மறுபடியும் குறைந்தது. வேறு அளவில். ஏன் என்று கைநூல் பொறுமையாக விளக்கியது. இரண்டும் ஒரே சமயத்தில் எண்ணைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் பழைய எண்தான் தெரிகிறது. மற்றது கை வைத்ததை அறியாமல் இதுவும் கை வைக்கிறது. இரண்டும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கின்றன. முடிவு மட்டும் தப்பு.

அன்று சாயந்தரம் ஆறரைக்கு, சர்க்கரை வியாதிக்காக மாமிக்குத் தினமும் போடும் இன்சுலின் ஊசியைப் போட்டாள். கஞ்சி ஊட்டினாள். சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே டிக் அடிக்கப் போனபோது பேனா எழுதவில்லை. வேறு பேனா எடுத்துவர முன்னறைக்குப் போனாள். திரும்பியபோது டிக் அடித்திருந்தது. களைப்பில் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

ஏழரை மணிக்கு மாமியின் உடம்பு வேர்வையில் மிதந்தது. நெற்றி சில்லிட்டிருந்தது. கூப்பிட்டால் கண் மட்டும் பாதி திறந்து மூடியது. ருக்சானா வீட்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குளுக்கோஸ் ஏற்றி, கண் திறக்க ஒன்பது மணியானது. சர்க்கரை அளவுக்குமேல் இறங்கிவிட்டது என்று சொல்லி டாக்டர் மாமியின் வயிற்றைக் காட்டினார். விரற்கடை இடைவெளியில் புதிதாக இரண்டு ஊசித் தடம்.

இத்ரீஸ் பஸ் நிலையத்திலிருந்து நேரே வந்தான். கோபப்படவில்லை. வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

“ரெண்டு தடவ போட்டியா?”

“ஒரு தடவதாங்க போட்டேன்.”

“டாக்டரு ரெண்டுன்னு சொல்றாக, நிலோபர்.”

நிலோபர் கையிலிருந்த மருந்துச் சீட்டை நாலாக மடித்தாள்.

“உன்னையச் சொல்லிக் குத்தமில்ல. நீயும் எத்தனையத்தான் பாப்ப. அந்தப் புஸ்தகத்தக் கொஞ்ச நாளைக்கி மூடி வையேன்.”

மூன்றாம் நாள் மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இத்ரீஸ் கடைக்குப் போனதும் நிலோபர் கைநூலை எடுத்தாள், ஒரே ஒரு விஷயத்தைத் தேட. ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டை எப்படி நிறுத்துவது. அதற்கு இரண்டு பக்கம்தான் இருந்தது. வெளியிலிருந்து பிடித்து நிறுத்தக் கூடாது. எந்த வேலையின் பாதியில் அது நிற்கும் என்று தெரியாது. நில் என்று கேட்கலாம். நிற்பதும் நிற்காததும் அதன் கையில்.

புத்தகத்தை மூடி மேஜையின் அடியில் தள்ளினாள். நடு வீட்டில் நின்றாள். காற்று ஓட்டுச் சந்தில் முனகியது.

“போதும்,” என்றாள். “இனிமே நானே பாத்துக்குறேன். நீ போ.”

பிறகு மாமியின் அறையில் பவுடர் டப்பா தட்டும் ஓசை கேட்டது. மூன்று தட்டு. அவள் தட்டுகிற மாதிரியே.

இன்சுலின் புட்டி ஃப்ரிட்ஜுக்குள் இருந்தது. பழைய ஃப்ரிட்ஜ்; கைப்பிடிக்குக் கீழே பூட்டு உண்டு. பூட்டினாள். சாவியைக் கழுத்துக் கருகமணியில் கோத்துக்கொண்டாள். மதியம் கரண்ட் போன நேரத்தில் அடுப்படியில் ஃப்ரிட்ஜ் கைப்பிடி அசையும் ஓசை கேட்டது. ஒருமுறை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை. முரட்டுத்தனமாக இல்லை. வீட்டுக்காரி தன் ஃப்ரிட்ஜ் ஏன் திறக்கவில்லை என்று பார்க்கிற மாதிரி.

அன்று மதியம் மாமி சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு வாய் வாங்கிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆறரைக்கு நிலோபர் ஃப்ரிட்ஜைத் திறந்து, மருந்தை ஊசியில் ஏற்றி, புட்டியை உள்ளே வைத்துப் பூட்டி, சாவி கழுத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்த்து, ஊசி போட்டாள். காலண்டரில் எழுதவில்லை. தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அரை மணி நேரத்துக்குள் மாமி சாப்பிட்டாக வேண்டும். கஞ்சியைச் சுட வைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அறைக் கதவு சாத்தியிருந்தது.

தள்ளினாள். உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

“மாமி?”

உள்ளே யாரோ மெதுவாகப் பேசினார்கள். நிலோபரின் குரலேதான். அவளுக்கு இப்போதெல்லாம் வாய்க்காத பொறுமையோடு. “கையக் கொஞ்சம் தள்ளி வைங்க மாமி. ஆச்சு, ஆச்சு.”

கிண்ணம் தளும்பி விரலில் சுட்டது.

“கதவத் தொற.”

உள்ளே பேச்சு நின்றது. காலடி ஓசை. கதவருகே வந்து நின்றது.

“மருந்தக் குடு,” என்றது குரல். மிகவும் களைத்திருந்தது.

“போட்டாச்சு. நான் போட்டுட்டேன். கதவத் தொற, அவுக சாப்புடணும்.”

“நான் இன்னும் போடல.”

“நான் போட்டுட்டேன்!”

“நான் இன்னும் போடல.”

கோபமில்லை. மிரட்டலில்லை. கடமையை முடிக்காமல் எப்படிப் போவது என்கிற குரல்.

நிலோபர் கதவில் தோளால் மோதினாள். தேக்குக் கதவு. வாசலுக்கு ஓடினாள். அந்த அறையின் தெரு ஜன்னல், காற்று அடிக்கிறதென்று அவளே உள்ளே கொக்கி மாட்டி அடைத்தது. “ருக்சானாக்கா!” காற்று அந்தச் சத்தத்தைத் தெருக்கோடிக்கு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

உள்ளே ஓடிவந்து கூடத்துப் போனில் இத்ரீஸைக் கூப்பிட்டாள். பஸ் இரைச்சல் கேட்கும் என்று எதிர்பார்த்தாள். கேட்கவில்லை.

“எங்கன இருக்கீங்க? சீக்கிரம் வாங்க, மாமி ரூம்ல—”

“என்ன நிலோபர்? இப்பத்தான போன வச்ச? அம்மா சாப்டுட்டுத் தூங்கிட்டாக, அவசரமில்லாம வாங்கன்னு சொன்னியே. நான் லோயர் கேம்ப்ல எறங்கிட்டேன், ஒரு பார்ட்டியப் பாத்துட்டு—”

கரண்ட் போனது.

இருட்டில் ரிசீவர் கையிலிருந்து விழுந்து சுவரில் இடித்து ஆடியது. தடவித் தடவிக் கதவுக்கு வந்தாள். கதவின் அடிப்பலகை செல்லரித்து நாலு விரல் உயரத்துக்கு ஒரு ஓட்டை. தரையில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே அவசர விளக்கின் வெளிச்சம். வெளிச்சத்தில் இரண்டு பாதங்கள். கதவைப் பார்த்து நின்றன.

அப்பால் மாமியின் மூச்சு. இழுத்து. விட்டு. நடுவில் நீண்ட இடைவெளி.

“அவுக வேர்க்கிறாகளா? பாரு. வேர்க்கிறாகளா?”

“மருந்து போட்டாச் சரியாயிரும்.”

“செத்துப் போயிருவாக!”

“மருந்தக் குடு.”

பாதங்கள் மடங்கின. ஓட்டை வழியாக ஒரு கை வெளியே வந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நிலோபர் அடுப்படிக்கு ஓடினாள். டப்பாவைக் கவிழ்த்துச் சர்க்கரையை அள்ளி வந்து அந்தக் கையில் கொட்டினாள். விரல்களை மடக்கி மூடினாள். தன் கையைத் தொடுவதுபோல இருந்தது. அதே சூடு.

“இத வாயில போடு. நாக்குக்கு அடியில. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

கை உள்ளே போகவில்லை. மெதுவாகச் சாய்ந்தது. சர்க்கரை தரையில் கொட்டியது. மறுபடி விரிந்தது.

கழுத்தில் சாவி சில்லென்று உறுத்தியது. கொடுத்தால் இரண்டாவது ஊசி. கொடுக்காவிட்டால் கதவு திறக்காது. கஞ்சியில் ஏடு படிந்துவிட்டது.

மூச்சு.

இடைவெளி.

அவள் கை கழுத்துச் சாவி வரை போய்த் திரும்பியது. தரையிலிருந்த கை அசையவில்லை.

மூச்சு.

“மாமி,” என்றாள். உள்ளேயிருந்தும் அதே நொடியில், அதைவிடக் கனிவாக, “மாமி” என்றது. மாமி குழறிக் குழறி ஒரு பதில் சொன்னார். “இங்கனதான் இருக்கியா ஆத்தா. போயிராத.”

“போகல மாமி.” யார் சொன்னது என்று நிலோபருக்குத் தெரியவில்லை.

காற்று அடுப்படி ஓடுகளைத் தூக்கித் தூக்கிப் போட்டது. நிலோபர் தரையில் கிடந்தபடி அடுத்த மூச்சுக்காகக் காதைக் கொடுத்திருந்தாள். வர வேண்டிய நேரம் தாண்டியது. இன்னும் தாண்டியது.

சிந்திய சர்க்கரையின்மேல் அந்தக் கை, விரித்தது விரித்தபடி, காத்துக்கொண்டிருந்தது.